நெஞ்சுக்கறிக்காரர்

டிப்போவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘நெஞ்சுக்கறி’ என்று குரல் கொடுத்தால் போதும், திரும்பிப் பார்ப்பார். பஸ் ஓட்டுகிற மனிதருக்கு இப்படியும் ஒரு பட்டமா என்று கேட்காதீர்கள். யாரும் சும்மா வைக்கவில்லை, அவரே பாடுபட்டுச் சம்பாதித்தது அது.

சில வருஷங்களுக்கு முன் டிரைவர்களுக்கான உடல் பரிசோதனையில் அவருடைய ரத்தத்தில் கொழுப்பு எக்கச்சக்கமாக ஏறிக்கிடந்தது. “இப்படியே போனா ஸ்டியரிங்கை மறந்துட வேண்டியதுதான். ஷெட்டுல உக்கார வெச்சிடுவாங்க” என்று சொல்லிவிட்டார்கள். அன்றோடு ஆட்டுக்கறிக்கு முழுக்குப் போட்டார். ஆனால் கறி இல்லாமல் சோறு இறங்காத ஆளாயிற்றே, கோழிக்கு மாறினார். மாறினோமா, வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டோமா என்று இருக்க வேண்டியதுதானே? இருக்கவில்லை. ஊருக்கே வாத்தியாராகிவிட்டார்.

கோழிக்கடைக்காரர் அவர் தலையைப் பார்த்தாலே பெருமூச்சு விடுவார். இவர் கறியை விரலால் அழுத்துவார். அழுத்திய இடம் சட்டென்று எழும்ப வேண்டும், குழி விழுந்தபடி நின்றால் பழைய சரக்கு. நிறம் வெளிறியிருக்கக் கூடாது, தொட்டால் பிசுபிசுக்கக் கூடாது. கடைசியில் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார்.

“அண்ணே, கோழி வாங்க வந்தீங்களா, இல்ல அதுக்கு வைத்தியம் பார்க்க வந்தீங்களா?” என்று கடைக்காரர் கேட்பார்.

“நீ சிரி. உடம்பு என்னோடதுல்ல?” என்பார் இவர்.

தோலைக் கடையில் உரிக்க விடமாட்டார். அந்தக் கட்டையில் எதையெதையோ வெட்டுகிறார்களாம். வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றுகிற மாதிரி ஒரே இழுப்பில் தானே உரிப்பார். அடியில் ஒட்டியிருக்கிற மஞ்சள் கொழுப்பைக் கத்தி முனையால் சுரண்டி எடுப்பார். எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டு, “இந்தா, இதைக் கழிச்சிடு. விஷம் இது, விஷம்!” என்று மனைவி பக்கம் தள்ளிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவப் போய்விடுவார். அதற்குமேல் அந்தக் கிண்ணம் அவர் கவலை இல்லை.

மனைவி வீட்டிலேயே மெஷின் போட்டுத் திரைச்சீலை தைக்கிறவள். அதிர்ந்து பேசத் தெரியாது. கொழுப்பு குறைவென்று அவர் தனக்காக ஒதுக்கிக்கொண்ட நெஞ்சுக்கறியை, அவர் சொன்னபடி தனியாக ஒரு சின்னச் சட்டியில் இஞ்சி, பூண்டு, மிளகு தட்டிப்போட்டு, பேருக்கு ஒரு சொட்டு எண்ணெய் காட்டி, மூடிவைத்து அதன் தண்ணீரிலேயே வேகவைப்பாள். உள்ளே துளி சிவப்பு இல்லாமல் வெந்ததும் இறக்குவாள். மத்தியானத்துக்கு டப்பாவில் ஒரு பங்கு, ராத்திரிக்கு ஒரு பங்கு. தொடை இரண்டும் கல்லூரிக்குப் போகும் மகனுக்கு. அந்த வயசுப் பையன் எலும்பைக்கூட விட்டுவைக்க மாட்டான்.

டிப்போவில் சாப்பாட்டு வேளை வந்தால் மற்றவர்களுக்குத் தலைவலி. டப்பாவைத் திறந்து நடுவில் வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்.

“தோலோட திங்கறதும் ஒண்ணு, கொழுப்பைக் கரைச்சுக் குடிக்கறதும் ஒண்ணு. எங்க வீட்டைப் பாருங்கய்யா. குடும்பமே ஆரோக்கியமா இருக்கு!”

“ஆமா நெஞ்சுக்கறி, நீங்க சொன்னா கோழியே எழுந்து கேக்கும்” என்று மெக்கானிக் சீண்டுவார். இவருக்கு அதுவும் பாராட்டாகத்தான் கேட்கும்.

அடுத்தடுத்த பரிசோதனைகளில் கொழுப்பு இறங்கி, ஸ்டியரிங் தப்பித்தது. கேட்க வேண்டுமா! தலைகால் புரியவில்லை மனிதருக்கு. அந்தச் சமயம் பார்த்து ஊழியர்களின் குடும்பத்துக்கும் டிப்போவில் இலவச மருத்துவ முகாம் வைத்தார்கள். மனைவியை முதல் ஆளாகக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தினார். காலையில் ரத்தம் எடுத்தார்கள். மத்தியானம் முடிவு வந்தது.

டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினாள். “கொழுப்பு ரொம்ப ஜாஸ்தியா இருக்கேம்மா. பிரஷரும் இருக்கு. இப்படியே விட்டா இதயத்துக்கு ஆபத்து. தினம் என்ன சாப்பிடறீங்க?”

மனைவி வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். “கோழிதான் டாக்டர். தோல் கிடையாது, கொழுப்பு கிடையாது. எண்ணெய் பேருக்குத்தான். எல்லாம் என் கண்ட்ரோல்.”

“நான் அவங்களைக் கேட்டேன்.”

மனைவி புருஷன் முகத்தை ஒருமுறை பார்த்தாள். “அவர் சொல்றதுதாங்க” என்றாள்.

பின்னால் வரிசையில் நின்ற மெக்கானிக் களுக்கென்று சிரித்தார். அவ்வளவுதான், நம்மவருக்கு மூக்கு மேல் கோபம் வந்துவிட்டது. இத்தனை நாள் வாய் கிழியப் பேசிய பேச்செல்லாம் என்ன ஆவது?

“நான் அந்தப் பக்கம் போனதும் வீட்டுல திருட்டுத்தனமா என்னத்தைத் தின்னுட்டு உக்காந்திருக்கே? இதுங்களுக்கு வாய்க்கட்டே கிடையாது டாக்டர்!”

கண்டக்டர், மெக்கானிக், அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு, அவர் பின்னாலேயே நடந்து வீடு வந்து சேர்ந்தாள்.

மறுநாள் பஸ் ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்து, வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு அவர் மத்தியானமே வீட்டுக்கு வந்தார். தையல் மெஷின் சத்தம் இல்லை. சமையலறையில் அவள் அடுப்போரம் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ‘ஆஹா, கையும் களவுமா சிக்கினா!’ என்றுதான் அந்த மனிதருக்கு முதலில் தோன்றியது. என்ன சொல்ல!

“இதுதானா உன் திருட்டு...” என்று குரலை உயர்த்தியவர் பாதியில் நிறுத்தினார்.

தட்டில் ஒரு கழுத்துத் துண்டு, முதுகெலும்பு, மொறுமொறுவென்று சுருங்கிப்போன கோழித்தோல். தோலிலிருந்து உருகிய கொழுப்பிலேயே சோற்றைப் போட்டுப் பிரட்டியிருந்தாள். காலையில் அவர் கையால் உரித்துத் தள்ளிய அதே தோல்.

அவள் பதறிப்போய்த் தட்டைக் கையால் மறைத்தாள். “கழிக்கத்தாங்க எடுத்துட்டுப் போனேன். நல்ல பொருளைத் தூக்கிப் போடக் கை வரல. நெஞ்சு ரெண்டும் உங்களுக்கு, தொடை அவனுக்கு. அப்புறம் இதுதானே மிச்சம்?”

“எத்தனை நாளா இப்படி?”

“நீங்க தோல் உரிக்க ஆரம்பிச்சதுல இருந்துதான்.”

“நேத்து டாக்டர் கேட்டாங்களே, சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?”

“அத்தனை பேர் முன்னாடி உங்களை எப்படிங்க விட்டுக்கொடுக்கறது?”

அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கூனிக் குறுகிப்போனார். விஷம் என்று தன் வாயாலேயே சொன்னதைத் தன் கையாலேயே எடுத்து, வருஷக்கணக்காக இவளுக்கு ஊட்டியிருக்கிறார். தனக்குத் தட்டு வந்ததா, சாப்பிட்டாரா, எழுந்தாரா, அவ்வளவுதான். அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் எட்டிப் பார்த்ததில்லை. போதாததற்கு ஊர் கூட்டித் திருடி என்றும் சொல்லியாயிற்று. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தார், வரவில்லை. உத்தரவு போட்டே பழகிய வாய். அதற்கு அது ஒன்றுதான் வந்தது.

“நாளையிலிருந்து எல்லாருக்கும் நெஞ்சுக்கறியைச் சரிசமமாப் பங்கு வை. தோலை நானே வெளியில போட்டுட்டு வந்துடறேன்.”

“சரிங்க” என்றாள்.

அடுத்த நாள் காலையில் தோலை அவரே கொண்டுபோய்த் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் வண்டி எடுக்கப் போனார். சாப்பாட்டு வேளையில் மெக்கானிக் காத்துக்கொண்டிருந்தார்.

“என்ன நெஞ்சுக்கறி, திருட்டுத் தீனியைக் கண்டுபிடிச்சீங்களா?”

ஏதாவது சொல்லிச் சிரித்து மழுப்பியிருக்கலாம். முந்தாநாள் அவள் தரையைப் பார்த்து நின்ற இடம் எதிரிலேயே இருந்தது.

“பிடிச்சேன்யா. நான் உரிச்சுப் போட்ட தோலைத்தான் தின்னிருக்கா. நல்லதெல்லாம் எனக்கு வெச்சுட்டு. திருட்டுத்தனம்னு இங்கதானே கத்தினேன், இங்கயே சொல்றேன். தப்பு என் மேல.”

யாரும் சிரிக்கவில்லை. கண்டக்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தேவையில்லாமல் குடித்தார். பேச்சை மாற்ற இவர் டப்பாவைத் திறந்தார். உள்ளே நெஞ்சுக்கறி, ஒரு துண்டு குறையாமல், எப்போதும்போல அவருடைய பங்கு முழுசாக இருந்தது.

மூடியை மூடிவிட்டு எழுந்து பஸ்ஸுக்குப் பின்னால் போய் வீட்டுக்குப் போன் போட்டார். மெஷின் சத்தம் நின்றது.

“என்னங்க?”

“நீ சாப்பிட்டியா? என்ன சாப்பிட்டே?”

அந்தப் பக்கம் நாற்காலியைத் தள்ளிவிட்டு அவள் எழுந்திருக்கிற சத்தம் கேட்டது.

“ஐயோ, என்னங்க ஆச்சு? வண்டி எங்கயாவது மோதிடுச்சா? உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?”