பத்தாம் வருடத்துக்கு ஆள்

என் மனைவிக்குக் காட்டுத் திட்டங்களைப் பரிசீலிக்கிற வேலை. ஒரு காட்டில் அடுத்த பத்து வருடத்துக்கு எதை வெட்டலாம், எதை நடவேண்டும் என்று வனத்துறைக்காரர்கள் எழுதி அனுப்புவார்கள். அந்தக் காடு அதைத் தாங்குமா என்று அடையாறில் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இவள் சொல்வாள். எப்போதும் நடுகிற பக்கத்தைத்தான் முதலில் படிப்பாள். "நட்டதுக்கு அப்புறம் யார் பார்த்துப்பாங்கன்னு ஒரு வரி இல்ல பாருங்க" என்று என்மேல் எரிந்து விழுவாள். என்னவோ அந்தக் காட்டை நான்தான் மொட்டையடித்த மாதிரி.

போன வருடம் எங்கள் குடியிருப்பில் இருந்த வேம்பு உள்ளுக்குள் உளுத்து, கட்டடத்தின் பக்கம் சாய ஆரம்பித்தது. அதை வெட்டிவிட்டுப் பத்துக் கன்று நடலாம் என்றார் சங்கச் செயலாளர். கன்றுகள் பிழைக்காவிட்டால் அந்த இடம் கார் நிறுத்த. நடப்போகிற கன்று காயட்டும் என்று இப்போதே காத்திருந்தவர்களையும் எனக்குத் தெரியும். ஓய்வு பெற்றதிலிருந்து அந்த வேம்பின் நிழலில்தான் நான் பேப்பர் படித்துவந்தேன். இவள் மரத்துக்காக மல்லுக்கட்டுவாள் என்று நம்பிக் கூட்டத்துக்குப் போனேன்.

"வெட்டித்தான் ஆகணும்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஆனா பத்து எதுக்கு? இந்த இடத்துல ஒண்ணுதான் உருப்படியா வளரும். அந்த ஒண்ணைப் பத்து வருஷம் யார் பார்த்துப்பீங்க?"

பாதிப் பேருக்கு எழுபது தாண்டிவிட்டது, பிள்ளைகள் வெளிநாட்டில். பத்து வருடம் என்றதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

இவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். திட்டங்களைப் பார்க்கிற அதே பார்வை. "இவருக்குச் சர்க்கரை ஏறிக்கிடக்கு. டாக்டர் நடக்கச் சொல்லி ஒரு நாள் நடந்ததில்ல. இவரை நம்பி எப்படி பாஸ் பண்றது?"

கூட்டம் மொத்தமும் சிரித்தது. என் மானம் கப்பலேறியது. ஆனாலும் கையை இறக்கவில்லை. வீம்புக்கு நானும் குறைந்தவன் இல்லை. கடைசியில் என் பொறுப்பில் ஒரு வேப்பங்கன்று நட்டார்கள்.

மறுநாள் விடிவதற்குள் இவள் என் போர்வையை உருவினாள். கடற்கரை வரைக்கும் நடக்கணுமாம்.

"கன்னுக்குச் சாயந்திரம் தண்ணி ஊத்தினா போதாதா?" என்று முனகினேன்.

"கன்னைச் சொல்லல. எனக்கு நீங்க பத்து வருஷம் வேணும்."

இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. எழுந்து செருப்பைத் தேடினேன்.