சுலைகா பேர் வெட்டிய தூக்குவாளி

இங்கே ஜெர்மனியில் எங்கள் எதிர்வீட்டில் ஹெல்கா என்று ஒருத்தி இருக்கிறாள். என் வயதுதான் இருக்கும். போன வருஷம் ஒரு நாள் பீங்கான் தட்டில் பழம் வைத்துச் சுட்ட கேக் கொண்டுவந்து தந்தாள். தின்றோம், நன்றாக இருந்தது. தட்டைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தேன். பலகாரம் சுடுகிற அன்றைக்கு அதில் வைத்துக் கொடுக்கலாம் என்று இருந்தேன். எண்ணெய்ச் சட்டி வைத்தால் வீடெல்லாம் வாடை அடிக்கும் என்று மருமகளுக்குப் பயம், அதனால் நாள் தள்ளிக்கொண்டே போனது. ஒரு நாள் காலையில் மணி அடித்தது. ஹெல்கா நின்றாள். "டெல்லர், டெல்லர்" என்று கையால் வட்டம் போட்டுக் காட்டினாள். என் மகன் முருகேசன் உள்ளே இருந்து, "எம்மா, தட்டக் கேக்காங்க. ஏன் இன்னும் குடுக்கல?" என்றான். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. வெறும் தட்டை எப்படி நீட்டுவது? டப்பாவில் கிடந்த வறுத்த கடலையை ஒரு கை அள்ளிப் போட்டுக் கொடுத்தேன். அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஏதோ தெரியாமல் விழுந்துவிட்டது என்று நினைத்து, கடலையை என் உள்ளங்கையிலேயே கொட்டினாள். "டாங்கே" என்று நன்றி சொல்லித் தட்டை மட்டும் கொண்டு போனாள். கடலையும் கையுமாக வாசலில் நின்றேன்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கும், என்னைப் போலப் பிள்ளைகளின் பின்னால் போய்த் தெரியாத ஊரில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், மெதுவாகத்தான் வரும். கோபத்தோடு எழுதுகிறேன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த ஊரில் சாமானைத் தெருவில் வைத்துவிடுகிறார்கள். நல்ல நாற்காலி, விளக்கு, கோப்பை, எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு, வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுகிறார்கள். யார் எடுத்தார்கள் என்று திரும்பிப் பார்ப்பதில்லை. என் மகனுக்கு இது ரொம்பப் பிடித்துப் போய்விட்டது. கூடத்தில் வெள்ளை அலமாரி ஒன்று வாங்கி, அதில் ஆற்றிலிருந்து எடுத்த ஒரு கல்லை மட்டும் வைத்திருக்கிறான். ஒரு வருஷம் தொடாத சாமான் குப்பை, அது வீட்டில் இருந்தால் மனசுக்கும் பாரம் என்கிறான். அவன் மனசு லேசாக இருக்கிறதோ என்னவோ, வீட்டுக்கு அடியில் இவர்கள் கெல்லர் என்று சொல்கிற நிலவறை மட்டும் நிறைந்து கிடக்கிறது. பனியில் ஒரு நாளும் இறங்காதவன் வாங்கிய சறுக்குக் கட்டைகூட அங்கே இருக்கிறது. கூடத்துக்குத்தான் துறவறம், கெல்லருக்கு இல்லை.

தென்காசியில் என் வீட்டு அடுக்களையில் கொக்கியில் ஒரு தூக்குவாளி தொங்கியது. எவர்சில்வர், கைப்பிடி கொஞ்சம் கோணல். மூடியிலும் அடியிலும் சுலைகா என்று உளியால் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். சுலைகா எங்கள் தெரு மைமூனின் அம்மா. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிடப் பாத்திரத்தில் படித்த எழுத்துதான் எனக்கு அதிகம். பேர் எதற்கு வெட்டுகிறோம்? வீட்டுக்குள்ளேயே கிடக்கிற பாத்திரத்துக்குப் பேர் எதற்கு? அது வெளியே போகும், நாலு வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வரும், அதற்குத்தான் பேர்.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு வந்த நோன்பு மாதம் முழுக்க மைமூன் சாயங்காலம் பள்ளிவாசல் கஞ்சியை வாங்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்குத்தான் வருவாள். நான் எழுந்திருக்க மாட்டேன். அவளே சட்டியை எடுத்து ஊற்றி வைத்துவிட்டு, "குடிக்கியா, இல்ல வாயில ஊத்தட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நோன்பு திறக்க ஓடுவாள். கடைசி நாள் பெருநாள் அவசரத்தில் தூக்கை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதைக் கழுவி வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. நிரப்பிக் கொடுக்கலாம் என்றால், சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பலகாரம் சுட்டு வெளியே கொடுப்பதில்லை. வருஷம் திரும்புவதற்குள் முருகேசன் என்னை இங்கே கூட்டி வந்துவிட்டான். தூக்கு கொக்கியிலேயே தொங்கியது. மூன்று வருஷம் இந்தக் குளிரில் உட்கார்ந்து நான் நினைத்ததெல்லாம் ஊருக்குப் போனதும் முந்திரிக்கொத்து சுட வேண்டும், அந்தத் தூக்கு நிறைய மைமூனுக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான்.

இந்த வருஷம் அருவி சீசனுக்கு ஊருக்குப் போனோம். வீட்டை ஒழித்து, குற்றாலத்துக்கு வருகிறவர்கள் தங்குவதற்கு வாடகைக்கு விடலாம் என்பது அவன் யோசனை. விடட்டும், பூட்டிக் கிடப்பதற்கு மனுஷர் நடமாடினால் நல்லதுதான். போன மறுநாளே சிறுபயறு வறுத்துத் திரித்து, பாகு காய்ச்சி, உருண்டை பிடித்துச் சுட்டு வைத்துவிட்டேன். தூக்கைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தேன். சாயங்காலம் கொண்டுபோகலாம் என்று இருந்தேன். அப்போதுதான் முருகேசன், "எம்மா, அருவியில தண்ணி நல்லா விழுதாம். தெருப் பொம்பளைங்க வேன்ல போறாங்க, நீயும் போயிட்டு வாயேன்" என்றான். என் மேல் இவ்வளவு கரிசனமா என்று நினைத்துக்கொண்டு போனேன்.

மெயினருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலையில் தண்ணீர் விழுகிற விழுகையில் பேச்சும் இல்லை, நினைப்பும் இல்லை. போலீஸ்காரி விசில் ஊதி, "ஆச்சி, போதும், அடுத்த ஆளுக்கு எடம் விடுங்க" என்கிறவரை நின்றேன். சாமான் இல்லாமல் நிற்பதற்கு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். உடுத்திய ஈரச் சேலை தவிர ஒன்றும் இல்லாமல் அங்கே நிற்க எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். குளித்த பிறகு வீட்டுக்குத் திரும்பவும் தெரியும்.

திரும்பி வந்தபோது அடுக்களை மொட்டையாக இருந்தது. தட்டு இரண்டு, டம்ளர் இரண்டு, சட்டி ஒன்று. பலகாரத்தை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தான். கவிழ்த்து வைத்த தூக்கு இல்லை. பாவூர்சத்திரத்துப் பழைய இரும்புக் கடைக்காரனைக் கூப்பிட்டு லோடு ஆட்டோவில் ஏற்றி விட்டிருக்கிறான்.

"மூணு வருசமா யாரும் தொடாத சாமான்மா அதெல்லாம்" என்றான்.

"ஒங்கய்யாவையும் மூணு வருசமா யாரும் தொடல. செவத்துல படமாத் தொங்குதாரு, அதையும் ஏத்தி விட்டுருக்க வேண்டியதுதானலே?"

"எம்மா, ஒரு தூக்குச்சட்டிக்கு இவ்வளவு பேச்சா?"

"அது ஒன் தூக்கும் இல்ல, என் தூக்கும் இல்ல. யாரு சாமான யாருலே விக்க?"

அவனுக்கு அது விளங்கவே இல்லை. நம் வீட்டுக்குள் இருந்தால் நம்முடையது, அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். ஒரு வீட்டில் பாதிச் சாமான் அடுத்தவருடையதாக இருக்கும், நம்முடையதில் பாதி அடுத்த வீட்டில் இருக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். இதே தெருவில் பிறந்து வளர்ந்தவன் இதை எங்கே தொலைத்தான் என்று தெரியவில்லை. ஈரத்தலையோடு காரில் ஏறி பாவூர்சத்திரம் போனோம். கடைக்காரன் பாவம், நல்ல மாதிரி. "எவர்சில்வர் லோடு மத்தியானமே போயிட்டு ஆச்சி. ஒங்க மவன் சிரிச்சிக்கிட்டேல்லா குடுத்தாரு, எனக்கு எப்படித் தெரியும்?" என்றான். முருகேசன் என் தோளைத் தொட்டு, "புதுசு வாங்கித் தாரேன்மா. பேரும் வெட்டிரலாம், இப்ப மிஷின்லயே வெட்டுதாங்க" என்றான். கையைத் தட்டிவிட்டேன்.

அந்த பிளாஸ்டிக் டப்பாவோடுதான் மைமூன் வீட்டுக்குப் போனேன். மடியில் சுளகு வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வா மதினி. செர்மனிக்காரிக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சிதாக்கும்?" என்றாள்.

உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை. அவள் கை நின்றது. சுளகை எடுத்து ஓரமாக வைத்தாள். சிரிப்பாள் என்றோ, போனால் போகுது என்பாள் என்றோ நான் நினைத்துப் போகவில்லை. அப்படிச் சொல்லவும் இல்லை.

"எங்க உம்மா அதுலதான் கஞ்சி வாங்குவா. அவ கையி பட்ட சாமானு அது ஒண்ணுதான் மிச்சம்" என்றாள். என்னை நேராகப் பார்த்து, "மூணு வருசமா நான் ஒரு வார்த்த கேட்டனா? ஒன் வீட்டச் சாவி போட்டுத் தொறந்து பெருக்கி விடுததே நான்தான். கொக்கியில தொங்குதத ஒவ்வொரு தடவையும் பாப்பேன். எடுக்கலாமேன்னு ஒரு நாளு தோணல. எடுத்தா அது வெறும் தூக்கேல்லா" என்றாள்.

அவள் எழுந்து டப்பாவைத் திறந்து, முந்திரிக்கொத்து ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். "ஏலக்கா கூடிட்டு" என்றாள். எல்லாவற்றையும் ஒரு தட்டில் கவிழ்த்துவிட்டு டப்பாவைத் தன் பக்கம் தள்ளி வைத்தாள். பிறகு பரணிலிருந்து ஒரு சருவச்சட்டியை இறக்கி என் முன்னால் திருப்பிக் காட்டினாள். அடியில் செண்பகம் என்று என் பேர். எப்போது எதை வைத்துக் கொடுத்தேன் என்று எனக்கே நினைவில்லை. வாங்கக் கை நீட்டினேன்.

"பாத்துக்கோன்னுதான் காட்டுனேன். தர மாட்டேன். தந்தா நாளைக்கே அதையும் ஏத்திருவான் ஒம் மவன். இங்கன கெடக்கட்டும்."

நான் கிளம்புகிற அன்று அவளே வீட்டுக்கு வந்தாள். கையில் சின்ன எவர்சில்வர் சம்புடம், அதில் நிறைய, அரிசிமாவு வறுத்துச் செய்த ஓட்டுமாவு. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். மைமூன் என்று வெட்டியிருந்தது. முருகேசன் முன்னாலேயே, அவனைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்: "உம்மா சாமான் போச்சி, இது என் சாமான். இதையும் தொலச்சிட்டு வந்தா என் வாசப்படிய மிதிக்காத." பெட்டியில் எடை கூடும் என்று அவன் ஏதோ முனகினான். என் மடியிலேயே வைத்துக்கொண்டு ஜெர்மனிவரை வந்தேன்.

ஓட்டுமாவு தீர்ந்துவிட்டது. சம்புடத்தைக் கழுவி, கூடத்து வெள்ளை அலமாரியில் அவனுடைய கல்லை எடுத்துவிட்டு அங்கே வைத்தேன். கல் இப்போது கெல்லரில் சறுக்குக் கட்டையோடு கிடக்கிறது. அவன் பார்த்தான். ஏதாவது சொல்லிப் பார்க்கட்டும். நான் இன்னும் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தென்காசியில் என் வீட்டில் இப்போது யார் யாரோ வந்து தங்கி அருவிக்குப் போகிறார்கள், அங்கே என் பேர் போட்ட சாமான் ஒன்றுகூட இல்லை. நாலு வீடு தள்ளி மைமூன் வீட்டுப் பரணில் செண்பகம் கவிழ்ந்து கிடக்கிறாள். இங்கே வெள்ளை அலமாரியில் மைமூன் வெறுமையாக உட்கார்ந்திருக்கிறாள். வெறுமையாக அவளைக் கொண்டுபோக முடியாது. நேற்று மருமகளிடம் கேட்காமல் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தேன்.