இடம் பிடித்து வைத்தவள்

குனியண்ணன் விசில் ஊதியதும் பஸ் கிளம்பிவிடும் என்று ஒருவர் நம்பினால், அவர் அந்த ரூட்டுக்குப் புதியவர் என்று அர்த்தம். முதல் விசிலுக்கு எல்லாரும் காலைத் தூக்கிக்கொள்ள வேண்டும். கண்டக்டர் பின்படியிலிருந்து முன்படி வரை ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்துக்கொண்டே வருவார். இரண்டாவது விசிலுக்குத்தான் டிரைவர் கியரைத் தொடுவார். ஒரு நாளைக்கு எட்டு நடை, எட்டு முறை இந்தக் கூத்து. இன்றைக்காவது தங்கம் கிடைத்ததா என்று கேலி செய்வார்கள். அவர் சிரிக்கவும் மாட்டார், முறைக்கவும் மாட்டார். பெற்றவர்கள் வைத்த பெயர் டிப்போ பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கு அவர் குனியண்ணன்.

அவருக்குக் கோபம் வருவது ஒரே விஷயத்துக்குத்தான். பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டையும் பையையும் வீசி இடம் பிடிப்பார்களே, அதற்கு. எல்லாரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன். துண்டு விழுந்தால் கண்டுகொள்ளமாட்டார். பை விழுந்தால் முகம் வெளுத்துவிடும். பைக்குச் சொந்தக்காரர் ஏறி வந்து, ஜிப்பைத் திறந்து காட்டினால்தான் அடுத்த ஆளுக்கு டிக்கெட்.

ஏழு வயதில் அவரும் இப்படி ஒரு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரம் அவர், நடுவில் ஐந்து வயதுத் தங்கை குட்டி, அந்தப் பக்கம் அம்மா. கையிலிருந்த கோலிக்குண்டு உருண்டு ஓட, குனிந்து தேடினார். முன்சீட்டுக்கு அடியில் நீலப் பை ஒன்று இருந்தது. சீட்டில் ஆள் இல்லை. யாரோ பையை மறந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னார். அடுத்தவங்க பொருளைத் தொடாதே, கண்டக்டர் பாத்துப்பாரு என்றாள் அம்மா. எந்த அம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

கொஞ்ச நேரத்தில் அவருக்கு வயிற்றைப் புரட்டியது. பஸ் கிளம்பப் பத்து நிமிடம் இருந்ததால், அம்மா அவரை இறக்கிக் குழாயடிக்குக் கூட்டிப் போனாள். போகும்போது குட்டியிடம், இடத்தைப் பிடித்து வை, யார் கேட்டாலும் எழுந்திருக்காதே என்றாள். குட்டி உடனே சீட்டில் மல்லாந்து படுத்துக் கையையும் காலையும் விரித்து மூன்று பேர் இடத்தையும் நிரப்பினாள். அப்படியும் ஒருவர் உட்காரும் இடம் மிச்சமிருந்தது. அதைப் பார்த்து அம்மா சிரித்தாள்.

அந்தப் பை வெடித்த சத்தம் அவருக்கு ஞாபகம் இல்லை. குழாய்தான் ஞாபகம் இருக்கிறது. பிடரியில் அம்மாவின் கை இறுகியது, பிறகு அந்தக் கை இல்லை. அவள் ஓடியிருந்தாள். யாரும் மூடாததால் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்று பேப்பர்களில் நிறைய எழுதினார்கள். அந்த வீட்டுக்குள் பேப்பர் வரவில்லை.

அதற்குப் பிறகு முப்பத்தொன்பது வருடம் அம்மாவும் பிள்ளையும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அம்மா பஸ் ஏறுவதை விட்டுவிட்டாள். எங்கே போனாலும் நடைதான். பிள்ளைக்குப் பெண் பார்க்கும் பேச்சு நாலைந்து முறை எழுந்து, நடந்து போகிற தூரத்தில் பெண் அமையாமல் அடங்கிப்போனது. அவர் கண்டக்டர் வேலைக்கு மனுப் போட்டபோதும் அவள் ஏன் என்று கேட்கவில்லை. கண்டக்டர் பாத்துப்பாரு என்று சொன்னது அவளுக்கு மறந்துபோயிற்று என்றே அவர் நினைத்துக்கொண்டார். தனக்கு வயிறு புரட்டாமல் இருந்திருந்தால் என்று மட்டும் தினமும் நினைப்பார். அப்போது மூன்று பேருமே போயிருப்பார்கள். அது தெரியாமலும் இல்லை.

கடந்த ஒரு வருடத்தில் மூன்று முறை அவர் பஸ்ஸைக் காலி செய்திருந்தார். முதல் பையில் கத்தரிக்காய். இரண்டாவதில் அழுக்குத் துணி. மூன்றாவது பைக்காரர் கல்யாணத்துக்கு நேரத்தோடு போய்ச் சேராமல் மேலே வரை புகார் எழுதினார். இன்னொரு முறை நடந்தால் டிக்கெட் தோல்பையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பஸ் வந்துபோகும் நேரம் குறிக்கும் டைம் ஆபீஸில் உட்கார வேண்டியதுதான் என்று டிப்போ மேனேஜர் தீர்த்துச் சொல்லிவிட்டார். நாற்காலி, மின்விசிறி, வெயில் படாத வேலை. மற்றவர்கள் அதற்காகத் தவம் கிடந்தார்கள். இவருக்கு அது வேண்டாம். தான் இறங்கிவிட்டால் அந்த பஸ்ஸில் குனிய ஆள் கிடையாது.

அன்று மத்தியானம் மூன்றாவது நடை. பஸ் ஸ்டாண்டில் கூட்டம் நெரிந்தது. முதல் விசில் ஊதிக் குனிந்து வந்தவர், நடுச்சீட்டுக்கு அடியில் கறுப்புப் பை ஒன்றைக் கண்டார். யாருடையது என்று கேட்டார். இன்னொரு முறை கேட்டார். முன்னாலிருந்து டிரைவர் எழுந்து வந்து அவர் காதோடு சொன்னார்.

"அண்ணே, வேணாம். இது நாலாவது. பேசாம ரெண்டாவது விசிலைக் குடுங்க."

விசில் வாயில்தான் இருந்தது. ஒரு மூச்சு விட்டால் போதும், வேலை பிழைத்துவிடும். பையில் செருப்பு இருக்கும், துணி இருக்கும், எப்போதும் அப்படித்தானே இருந்தது. அவர் விசிலை எடுத்துவிட்டு எல்லாரும் இறங்குங்கள் என்றார். திட்டிக்கொண்டே இறங்கினார்கள். அவர் வம்சத்தையே இழுத்தவர்களும் உண்டு. பஸ் காலியானதும் கடைசியாக ஒரு முறை பார்த்தார். பைக்குப் பின்சீட்டில் ஒரு சின்னப்பெண் காலை நீட்டிப் படுத்திருந்தாள்.

"இறங்கும்மா."

"மாட்டேன். அம்மா தண்ணி வாங்கப் போயிருக்காங்க. எழுந்திருக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

அவர் அவளை அப்படியே வாரித் தூக்கினார். அவள் கத்தினாள், கையைக் கடித்தாள். கடித்த கையோடு அவளைப் பஸ் ஸ்டாண்டின் கடைசித் தூண் வரை கொண்டுபோய்த்தான் கீழே விட்டார். தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்த தாய், யார் என்ன என்று கேட்காமல் அவர் சட்டையைப் பிடித்தாள்.

ஒரு மணி நேரம் கழித்துப் போலீஸ்காரர்கள் பையைத் திறந்தார்கள். ஒரு ஜோடி செருப்பும் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்டும் இருந்தன. கூட்டம் கைதட்டிச் சிரித்தது. சாயங்காலம் அவர் தோல்பையை மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாளையிலிருந்து ஆபீஸ் வேலை என்றார். ஏன் என்று அவள் பார்க்க, நடந்ததைச் சொன்னார். தண்ணீர் வாங்கப் போன தாயையும் சொன்னார். அம்மா துண்டை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள்.

"அந்தப் பொண்ணு இறங்கிட்டாளா?"

"நான் தூக்கிட்டு வந்துட்டேன்மா."

"நம்ம குட்டி தானா இறங்கியிருக்க மாட்டா. எழுந்திருக்காதேன்னு நான்தானே சொன்னேன். சொன்ன பேச்சு தட்டமாட்டா அவ." துண்டைக் கீழே வைத்துவிட்டு, "நீ பையைக் காட்டினே. கண்டக்டர் பாத்துப்பாருன்னு சொன்னதும் நான்தான்" என்றாள்.

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நாற்பத்தாறு வயது ஆளுக்கு வெட்கமாக இருக்கும் அளவுக்கு அழுதார். அவள் அவர் பிடரியில் கையை வைத்து, வெகுநேரம் எடுக்காமல் இருந்தாள்.

மறுநாள் டைம் ஆபீஸ் ஜன்னலருகே அவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவருடைய பஸ் உள்ளே வந்தது. நிற்பதற்குள் ஜன்னல்கள் வழியாகத் துண்டுகளும் பைகளும் பறந்தன. புதுக் கண்டக்டர் சுறுசுறுப்பான ஆள். ஏறியதும் விசில் ஊதினார். பழக்க தோஷத்தில் நாலைந்து பேர் காலைத் தூக்கிக்கொண்டார்கள். யாரும் குனியவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.