சேற்றுக்கு ஒரு டயர், தாருக்கு ஒரு டயர்

அப்பா இறந்தது போன வருஷ மழையில். இந்த மழைக்கு முன்னால் பிக்கப் வண்டிக்கு டயர் மாற்றியாக வேண்டும் என்று அண்ணன் சொன்னான். எந்த டயர் என்று சொல்லவில்லை. அம்மா ஒன்றை மனதில் வைத்திருந்தாள், நான் வேறொன்றை வைத்திருந்தேன்.

மட்டாஞ்சேரி ஓட்டல்களில் மிஞ்சும் சாப்பாட்டை நீல டிரம்களில் ஏற்றி, கிழக்கே மலைப்பக்கத்துப் பன்றிப் பண்ணை ஒன்றுக்குக் கொண்டுபோவதுதான் எங்கள் வண்டியின் வேலை. விடிகாலையில் ஜூ டவுன் என்கிற யூதத் தெருப் பக்கம் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் பண்ணைக்குப் போய்ச் சேர வேண்டும். வழியெல்லாம் தார் ரோடு. கடைசியில் மட்டும் ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு செம்மண் ஏற்றம். மழை பெய்தால் அதை ரோடு என்று சொல்ல முடியாது. வேறு சுமைக்கு யாரும் எங்களைக் கூப்பிடுவதில்லை. எவ்வளவு கழுவினாலும் அந்த வண்டியில் அரிசி மூட்டையை யார் ஏற்றுவார்கள்? அந்த வண்டியில்தான் நான் காலேஜ் வாசலில் இறங்கினேன். மூக்கைப் பிடித்தவர்கள் முன்னால் நிதானமாகவே நடந்து உள்ளே போனேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தது நான்தான், டிகிரி வாங்கியதும் நான்தான். இப்போது எறணாகுளத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன்.

அந்த ஏற்றத்தில்தான் அப்பா போனார். சேற்றில் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. சக்கரத்துக்குக் கீழே கல் வைக்க அப்பா இறங்கிப் பின்னால் போனார். வண்டி வழுக்கிப் பின்னால் வந்தது. ஸ்டியரிங்கில் இருந்தவன் அண்ணன்.

இதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. அம்மா அவனை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை. டயரைப் பற்றித்தான் பேசினோம், வாரக்கணக்காக.

அம்மாவுக்கு மட் டயர்தான் வேண்டும். மலைத்தோட்டத்து ஜீப்புகளில் கட்டை கட்டையாக ரப்பர் துருத்திக்கொண்டிருக்குமே, அது. சேற்றைக் கடித்துக்கொண்டு ஏறிவிடும். நான் ஆல் டெரெய்ன் என்றேன். அது தாருக்கும் மண்ணுக்கும் பொது. மட் டயரில் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். நனைந்த தாரில் பிடிப்பு குறைவு, பிரேக் பிடித்தால் வண்டி தள்ளிப் போய்த்தான் நிற்கும். எங்கள் வண்டியில் அது போதாதென்று, வண்டி நின்ற பிறகும் டிரம்முக்குள் கஞ்சி முன்னால் போய் மோதும். மலையாளத்திலும் இங்கிலீஷிலும் கிடைத்ததையெல்லாம் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பேசினேன்.

"சேறு கொஞ்ச தூரம்தாம்மா. மிச்சமெல்லாம் தாரு."

"உங்கப்பன் அந்தக் கொஞ்ச தூரத்துலதான்டி போனாரு."

அதற்கு மேல் நான் என்ன படித்திருந்து என்ன?

பண்ணை முதலாளியும் போனில் சொல்லிவிட்டார். பன்றி மழை பார்த்துப் பட்டினி கிடக்காது, வண்டி மேலே கொட்டகைவரை வர வேண்டும், முடியாதென்றால் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறேன் என்று. கோபமாகச் சொல்லவில்லை. அப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கியவர்களில் அவரும் ஒருவர்.

தோப்பும்படியில் ஒரு டயர் கடைக்கு மூன்று பேரும் போனோம். அம்மா தெரு பெருக்கும் வேலையை முடித்துவிட்டு யூனிஃபார்ம் சட்டையோடே வந்திருந்தாள். இரண்டு டயரையும் கடைக்காரர் உருட்டிக்கொண்டு வந்து சாய்த்து வைத்தார். அம்மா குனிந்து ஆல் டெரெய்ன் பள்ளத்தில் விரலை விட்டாள். நகம் மட்டும்தான் உள்ளே போனது. மட் டயரில் விட்டாள். விரல் பாதி உள்ளே போனது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சேச்சி டயர் பார்க்கறதப் பார்த்தா மீன் வாங்கறா மாதிரி இருக்கே" என்று கடைக்காரர் சிரித்தார். "செவுளைத் தூக்கிக் காட்டவா?"

"சிரிக்காத சேட்டா. இதுல ரெண்டு, அதுல ரெண்டு போடு. எனக்கு ரெண்டு பின்னால, இவளுக்கு ரெண்டு முன்னால. வீட்டுல சண்டை தீரட்டும்."

"வீட்டுச் சண்டை தீர்ந்துடும். அப்புறம் முன் சக்கரமும் பின் சக்கரமும் சண்டை போடும்."

"வேணாம்மா" என்றேன். "மழையில வளைவுல திரும்புனா பின்பக்கம் சுத்திக்கிட்டு வந்துரும். ஒண்ணு அது, இல்லன்னா இது."

"அப்ப நீயே சொல்லு மேடம்" என்றான் அண்ணன். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவன் என்னை அப்படித்தான் கூப்பிடுவான். அன்று அதில் கிண்டல் இல்லை.

நான் ஆல் டெரெய்னைக் காட்டினேன். அண்ணன் அந்த டயர்மேல் கையை வைத்தான். பிறகு எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னான்.

"நீ சொல்றது சரிதான்டி. எனக்குத் தெரியும். ஆனா அந்த எடத்துல சக்கரம் சுத்தக் கூடாது. அந்தச் சத்தம் நான் இன்னொரு தடவ கேட்டா வண்டிய அங்கயே விட்டுட்டு எறங்கி நடந்துருவேன்."

அம்மா யூனிஃபார்ம் சட்டையின் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள். கடைக்காரர் ஜாக்கியை எடுக்கப் போனார். நான்கும் மட் டயராகவே மாட்டினோம். என் கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்த ஏற்றத்தில் ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போவது நான் இல்லை.

மழை தொடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு போனேன். புது டயர் தார் ரோட்டில் இரைந்தது. வேகம் கூடக் கூட அந்த இரைச்சலும் மேலே ஏறியது. ஏற்றத்தின் அடியில் அண்ணன் கியரை மாற்றினான். சேறு இரண்டு பக்கமும் தெறித்தது, வண்டி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. ஓரிடத்தில் அவன் மூச்சை அடக்கிக்கொண்டான், அது போதுமாயிருந்தது. மேலே கொட்டகை வாசலில் எஞ்சினை அணைத்த பிறகும் அவன் ஸ்டியரிங்கை விடவில்லை. "ஏறிருச்சு" என்று அம்மாவுக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் அம்மா அழுதாள். அப்பா இறந்த நாளில்கூட அவள் அப்படி அழவில்லை.

திரும்பும்போது மழை வலுத்தது. ஒரு சிக்னலில் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. அண்ணன் பிரேக்கை மிதித்தான். வண்டி நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போனது. பஸ்ஸின் பின்பக்கத்தில் இருந்த பொடி எழுத்தையும் வாசித்துவிட முடியும் என்ற அளவுக்குக் கிட்டே போய் நின்றது. பின்னால் காலி டிரம்கள் ஒன்றோடொன்று மோதின.

"மெதுவாத்தான் போவேன்" என்றான் அண்ணன். "நீ கூட இல்லன்னாலும்."

"அம்மாகிட்ட சொல்லாத" என்றேன்.

"நீயும் சொல்லாத."

அம்மா இப்போது நிம்மதியாகத் தூங்குகிறாள். காலையில் மழை பெய்தால் அவளுக்குப் பயமில்லை. எனக்குத்தான். ஆபீஸ் கண்ணாடியில் மழை அடிக்கும்போது அண்ணனுக்குப் போன் செய்யத் தோன்றும். எடுத்தானென்றால் டயரின் இரைச்சலை வைத்தே எவ்வளவு வேகத்தில் போகிறான் என்று சொல்லிவிடுவேன். ஆனால் எடுப்பதற்காக அவன் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்க வேண்டும். அதனால் கூப்பிடுவதில்லை. போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, வேலையைப் பார்க்கிறேன்.