ஒரே போல்ட் வந்த பிறகு

போன வாரம் வீட்டு மோட்டாரைப் பிரிக்க வந்த மெக்கானிக், எல்லாவற்றையும் ஒரே ஸ்பானரில் கழற்றிப்போட்டு டீயும் குடித்துவிட்டுப் போனார். கிரீஸ் வாசம் மட்டும் போகவில்லை. அது என்னைப் பெரியநாயக்கன்பாளையத்துப் பம்பு கம்பெனி ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப்போய்விட்டது.

அஞ்சாவதோடு நின்ற எனக்கு அந்த வேலை அமைந்ததே பெரிது. ஒரு சின்ன ஜன்னல். கேட்டதை எடுத்து நீட்டினால் போதும். கூச்சக்காரனுக்கு வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்.

அப்போதெல்லாம் எங்கள் பம்பில் மூடிக்கு ஒரு போல்ட், அடிக்காலுக்கு ஒன்று, விசிறிக்கு வேறொன்று. அன்றைக்குக் கடையில் எது கிடைத்ததோ அதற்கேற்ற துளை. அதனால் பம்பைப் பூட்டுகிற அசெம்பிளியில் இருந்த சரசு நாளெல்லாம் ஜன்னலுக்கு வந்தபடி இருப்பாள். மற்ற பெண்கள் என்னை ‘ஏனுங்ண்ணா’ என்பார்கள். அவள் மட்டும் ‘ஏனுங்க’. அந்த ‘அண்ணா’ இல்லாததை வைத்துக்கொண்டே ரொம்ப நாள் சந்தோஷமாக இருந்தேன். மனசில் இருப்பதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தால், “வாஷர் வேணுங்களா?” என்றுதான் வரும்.

ஒரு நாள் முதலாளி வந்து நின்றார். “மூட்டை மூட்டையா போல்ட் கெடக்குது. வேணுங்கறது ஒண்ணு இல்லாம பம்பு பூராம் நிக்குது. இனி எல்லாத்துக்கும் எட்டு எம்எம், ஒரே நீளம்.”

கம்பெனிக்கு நல்லதுதான். சரசு காலையில் ஒரு வாளி போல்ட் வாங்கிப் போனால் சாயங்காலம் வரை வரவே மாட்டாள். இப்படியே யாருக்காவது கட்டிக்கொடுத்துவிடுவார்களே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு ஒரு போல்ட்டோடு வந்தாள். “ஏனுங்க, இது ஏறலைங்க.” மாற்றிக் கொடுத்தேன். மத்தியானம் இன்னொன்று. மறுநாளும் அப்படியே. நான் என்ன செய்தேன் தெரியுமா? புதுச் சரக்கு சரியில்லை என்று முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

அவர் அசெம்பிளிக்கே வந்து, அவள் திருப்பிக் கொடுத்த போல்ட்டையெல்லாம் போட்டுப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு ஏறின.

“இதுல என்ன அம்மணி கொறை?”

“போல்ட்டுல ஒண்ணுமில்லைங்க. இந்த ஸ்டோர்க்காரருக்குத்தான் போல்ட்டைத் தவிர ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.”

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏப்பா, இவங்க ஊட்டுல பேச உங்க ஊட்டுல ஆள் இருக்குதா, நானே போகட்டுமா?”

அவரேதான் போனார்.

இப்போது அந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்களாம். மேசைக்கு மேசை டப்பா நிறையப் போல்ட். யாரும் எழுந்து யாரிடமும் போக வேண்டியதில்லை. சரசுவிடம் சொன்னேன்.

“பாவம், அங்கிருக்கற புள்ளைக என்னதான் பண்ணுமோ” என்றாள்.