மாலை இல்லாத சாமி

எங்கள் அப்பாவைக் கொன்றது கசிப்புச் சாராயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்த வீட்டில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது.

கொழும்பில் நான் வேலை செய்யும் துணிக்கடையில் சொல்லிவிட்டு, பஸ் மாறிப் பூண்டுலோயாவுக்கு வந்து, ஆட்டோ பிடித்துத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறி வந்து சேர்ந்தபோது, எங்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயத்து வாசலில் போட்டிருந்த பந்தலில் கங்காணி உட்கார்ந்திருந்தார். வெற்றிலையை மென்றுகொண்டே பக்கத்து ஆளிடம் பேசிக்கொண்டிருந்தார். "மாலை போட்டுக்கிட்டு தீட்ட மறைச்சவன்யா. சாமி சும்மா விடுமா. அன்னைக்கிப் புடிச்சதுதான், இன்னைக்கிக் கொண்டு போயிருச்சு." அந்த ஆளும் தலையை ஆட்டினான். அப்பா உள்ளே பெட்டியில் கிடந்தார். வயிறு வீங்கி, முகமெல்லாம் மஞ்சள் பூத்து. வழி முழுக்க அழுதுகொண்டு வந்தவளுக்கு அதைக் கேட்டதும் அழுகை நின்றுவிட்டது. இன்னும் வரவில்லை.

செத்தவர் எழுந்து பதில் சொல்லப் போவதில்லை. அம்மா வாயைத் திறக்க மாட்டாள். அதனால் நான் சொல்கிறேன்.

நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம் அது. அதற்கு முன்னால் அப்பா பண்ணாத சத்தியம் கிடையாது. சம்பள நாளில் குடிப்பார். அம்மாவை அடிப்பார். விடிந்ததும் அம்மா தலையில் கை வைத்து, இனிமேல் தொட்டால் நான் மனுசன் இல்லை என்பார். கொஞ்ச நாளில் அது போய்விடும். பிறகு என் தலை. பிறகு மாரியம்மன் கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம். பிறகு மறுபடி அம்மா தலை. பொய்ச் சத்தியம் பண்ணினால் தலை வெடித்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சொல்வார்கள். எங்கள் இரண்டு பேர் தலையும் கல்லில் செய்தது போலிருக்கிறது.

அந்தக் கார்த்திகையில் அவர் ஐயப்பனுக்கு மாலை போட்டார். எங்கள் தோட்டத்தில் வருஷா வருஷம் ஒரு கூட்டம் போடும். வசதி உள்ளவர்கள் பிளேன் ஏறிச் சபரிமலைக்கே போவார்கள். எங்கள் ஆட்கள் தை பிறக்கும்போது வேன் பிடித்து இங்கேயே இருக்கும் ஐயப்பன் கோயில் ஒன்றுக்குப் போய் வருவார்கள். டவுனில் கடை வைத்திருந்த முதலாளிதான் குருசாமி. அவர் கையால் மாலை விழுந்தால், மலையிலிருந்து இறங்கும் வரை குடி இல்லை, மீன் மச்சம் இல்லை, பாய் இல்லை, தலையணை இல்லை.

மாலை கழுத்தில் ஏறிய நேரத்திலிருந்து அப்பாவுக்குப் பெயர் போய்விட்டது. எல்லோருக்கும் அவர் சாமி. அம்மா, "சாமி, சாப்பிட வாங்க" என்பாள். நானும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அவரை வாழ்க்கையில் 'ஏய்' என்று மட்டுமே கூப்பிட்டிருந்த தோட்டத்து மேற்பார்வையாளர் கண்டாக்கையா ஒருநாள் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, "சாமி, நீங்க மேல் மலைக்குப் போங்க" என்றாராம். அப்பா அதை வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "நீங்கன்னான்டி. என்னைய." சிரிக்கிறபோது அவருக்குக் கண் கலங்கியதை நான் பார்த்தேன். ஒரு மனுசனை மனுசனாகக் கூப்பிடுவதற்கு இந்தத் தோட்டத்தில் கழுத்தில் மணி தொங்க வேண்டியிருந்தது. இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அவர் எனக்குச் சடை பின்னப் பழகினார். கோணலாகத்தான் வரும். அதை அப்படியே விட்டுவிட்டு நான் கடைக்குப் போவேன். மாலை எப்போதுமே கழுத்தில் இருந்துவிட்டால் என்ன என்பதுதான் எனக்கு அப்போதிருந்த ஒரே யோசனை.

பள்ளி விடுமுறையில் ஒரு காலை, வீட்டில் நான் மட்டும் இருந்தபோது போன் அடித்தது. ராகலையிலிருந்து பெரியப்பாவின் மகன், அண்ணன். பெரியப்பா விடியற்காலை செத்துப் போய்விட்டார், சித்தப்பாவிடம் உடனே சொல்லு என்றார். பெரியப்பா என்றால் அப்பாவுக்குக் கூடப் பிறந்தவர் மட்டுமில்லை. தாயும் தகப்பனும் சீக்கிரம் போய்விட, அப்பாவைத் தூக்கி வளர்த்தவரே அவர்தான்.

பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் தீட்டு. மாலையைக் கழற்றிவிட வேண்டும். இது எங்கள் லயத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். நான் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஓடினேன். அம்மா கூடையை இறக்கிவிட்டு நின்றிருந்தாள்.

"அம்மா, ராகலை பெரியப்பா செத்துட்டாராம்."

அம்மா என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் போனாள். "சாமிகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

என் கையைத் தூக்கித் தன் தலையில் வைத்தாள். "சொல்ல மாட்டேன்னு என் தலையில அடி."

"பெரியப்பா பாவம்மா."

"செத்தவருக்கு இனி என்னாடி இருக்கு. நமக்குத்தான் இன்னும் பாக்கி கெடக்கு. அடிடி."

அடித்தேன். மெதுவாகத்தான் அடித்தேன். ஆனால் அந்தத் தலை என் வாயில் இருப்பது போல இருந்தது. வாயைத் திறந்தால் அம்மா செத்துவிடுவாள்.

அம்மா போனை அணைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, பழுதாகிவிட்டது என்றாள். அப்பா சரி என்றார், வேறொன்றும் கேட்கவில்லை. அன்று மருந்தடிக்கிற வேலையிலிருந்து நேரத்தோடு வந்துவிட்டார். மலையிலிருந்து குழாயில் விழும் பீலித் தண்ணீரில் உடுத்திய கறுப்பு வேட்டியோடு நின்று குளித்தார், குளித்துக்கொண்டே இருந்தார். மார்கழித் தண்ணீர், கை வைத்தாலே விறைக்கும். "சாமிக்குப் பக்தி கூடிப் போச்சு" என்றாள் அம்மா என்னிடம். அன்று அவள் பருப்பைத் தாளிக்கவில்லை. சாவு விழுந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள். செய்தியை மறைத்தாளே தவிர அவள் கையால் எண்ணெய் காய வைக்க முடியவில்லை. அந்த வெறும் பருப்பை அப்பா பிசைந்து சாப்பிட்டார். ஏன் தாளிக்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. நான் ஒவ்வொரு வாய்க்கும் பயந்துகொண்டிருந்தேன்.

கருமாதி முடிந்து அண்ணன் வந்துவிட்டார். வீட்டுக்கு இல்லை, நேராகக் கோயிலுக்கு. அங்கே சாயங்காலப் பஜனை நடந்துகொண்டிருந்தது. தோட்டமே கூடியிருந்தது. மொட்டைத் தலையோடு அவர் வாசலில் வந்து நின்றதும் தாளம் நின்றுவிட்டது.

"என்னா சித்தப்பா, பாட்டு நல்லாப் போகுதா" என்றார் அண்ணன். "ஒங்கள தோள்ல வச்சு வளத்தேன்னு எங்கப்பா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே கெடந்தாரு. ஒங்களுக்காக பொணத்த ராவும் பகலும் போட்டு வச்சிருந்தோம். ஒரு பிடி மண்ணு போட வரலையே நீங்க."

குருசாமி எழுந்தார். முதலில் அவர் நன்றாகத்தான் பேசினார். "காதுல விழுந்தாத்தான் தீட்டு. தெரியாம இருந்தா குத்தம் இல்ல. இப்ப தெரிஞ்சிருச்சு. கழட்டிருங்க சாமி, அடுத்த வருஷம் பாத்துக்குவோம்."

அம்மா பெண்கள் கூட்டத்திலிருந்து எழுந்து நின்றாள். "அவருக்குத் தெரியாது சாமி. போன் வந்துச்சு. நான்தான் மறைச்சேன்."

அவ்வளவுதான். பக்கத்தில் தோள் உரச உட்கார்ந்திருந்த பெண்கள் விலகிக்கொண்டார்கள். கூடப் பொறந்தவன் பொணத்தைப் பார்க்க விடாதவளா நீ, நீயெல்லாம் ஒரு பொம்பளையா, ஒனக்கும் ஒரு நாள் இப்படித்தான் ஆகும். அவள் அடி வாங்கிக் கத்திய நாட்களில் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவர்கள்தான் இவர்கள். அன்றைக்கு ஒருத்திக்கும் வாய் இல்லை.

அம்மா தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டாள். அதோடு முடிந்திருக்கும். அப்பா தெரியாத சாமியாகவே மாலையைக் கழற்றி மரியாதையாக வீட்டுக்கு வந்திருக்கலாம்.

"அவள ஏசாதீங்க" என்றார் அப்பா. "எனக்கு அன்னைக்கே தெரியும்."

கூட மருந்தடிக்கிற ஆளின் போனுக்கும் அண்ணன் சொல்லியிருக்கிறார். அப்பா வெளியே சொல்ல வேண்டாம் என்று அந்த ஆளின் காலைப் பிடித்திருக்கிறார். மூன்று பேர் ஒரே காம்பரா அறைக்குள் ஒரே சாவை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு, தாளிக்காத பருப்பைத் தின்றிருக்கிறோம்.

குருசாமியின் முகம் மாறியது. "என்னய்யா சொல்ற நீ."

நீங்க போய்விட்டது. நீ வந்துவிட்டது. ஒரு மூச்சுக்குள்.

"கழட்டினா குடிச்சிருவேன் சாமி. என்னைய எனக்குத் தெரியும். அதான்."

"அதுக்கு ஐயப்பன ஏமாத்துவியா? கழட்டு அத. இனிமே என் கையால ஒனக்கு மாலை கெடையாது."

கங்காணியும் மாலை போட்டிருந்தார். "டேய், ஒன்னால எங்க எல்லாருக்குமே தீட்டுடா" என்றார். அண்ணன் அப்பாவை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் பஸ்ஸைப் பிடிக்க இறங்கிப் போய்விட்டார்.

எனக்கு அன்று கோபமெல்லாம் அப்பா மேல்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஏச்சு அம்மாவோடு போயிருக்கும். அம்மாவுக்கு ஏச்சு புதிதா? இப்படித்தான் நினைத்தேன். ஒன்பது வயதில் எனக்கு அவ்வளவுதான் புத்தி.

இனிக் குடிப்பார் என்று காத்திருந்தோம். மேல் லயத்தில் ஒரு வீட்டில் கசிப்பு விற்றார்கள். தினம் வேலை விடும் நேரத்தில் நான் வாசலில் நின்று, அப்பா மேலே திரும்புகிறாரா வீட்டுக்கு வருகிறாரா என்று பார்ப்பேன். வீட்டுக்குத்தான் வந்தார். அடுத்த நாளும். அதற்கு அடுத்த நாளும். விடியற்காலை பீலியில் குளித்தார். வெறும் தரையில் படுத்தார். அம்மா கருவாடு சுட்ட அன்று வெறும் சோற்றைத் தின்றார். மாலை போட்டவர்கள் செருப்புப் போட மாட்டார்கள். மாலை போன பிறகும் அவர் வெறுங்காலோடுதான் மலைக்குப் போனார். அட்டை கடித்து, பனியில் குதிகால் வெடித்து, வாசல் சிமெந்தில் ரத்தம் பட்டிருக்கும்.

லயத்துக்கு நல்ல வேடிக்கை கிடைத்தது. "மாலை இல்லாத சாமி வாராரு, வழி விடுங்கப்பா" என்பார் கங்காணி. பெரட்டில் எல்லோரும் சிரிப்பார்களாம். பள்ளிக்கூடம் திறந்ததும் பிள்ளைகள் என்னைப் பார்த்து, "சாமியே சரணம்" என்று கும்பிட்டுவிட்டு ஓடினார்கள். ஒருநாள் நான் அழுதுகொண்டே வந்து அவர் செருப்பை எடுத்து முன்னால் போட்டேன்.

"இதப் போட்டுட்டுப் போங்கப்பா. எல்லாரும் சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும்டி. இன்னும் கொஞ்ச நாள்தான்" என்றார். செருப்பை எடுத்துக் கூரைச் சட்டத்தில் செருகிவிட்டார்.

யாரிடம் சொன்ன சத்தியத்தை அவர் அப்படிக் காப்பாற்றிக்கொண்டிருந்தார் என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. குருசாமி இல்லை, மாலை இல்லை, சாமி என்று கூப்பிட ஒரு நாய் இல்லை. நாங்களும் கூப்பிடவில்லை.

பொங்கல் முடிந்து, கோயிலுக்குப் போன கூட்டம் வேனில் வந்து இறங்கியது. லயத்தில் வீடு வீடாக அரவணைப் பாயாசமும் விபூதியும் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். அப்பா குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, வாசலில் நின்றார். முன்னால் கங்காணி, பின்னால் குருசாமி. பக்கத்துக் காம்பராவில் கொடுத்தார்கள். அப்பா இரண்டு கையையும் குவித்து நீட்டினார். அவர்கள் எங்கள் வாசலைத் தாண்டி அடுத்த வாசலுக்குப் போனார்கள். அங்கே குழந்தைகளுக்கு இரண்டாம் தரமும் கொடுத்தார்கள். அப்பா நீட்டிய கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

இவர்கள்தான் பந்தலில் உட்கார்ந்து, விரதத்தை முறித்தவன் என்று பேசுகிறார்கள்.

அப்பா உள்ளே வந்தார். கூரைச் சட்டத்தில் கைவிட்டுச் செருப்பை எடுத்து, தூசி தட்டி, காலில் மாட்டினார். என் தலையைத் தடவிவிட்டு வெளியே போனார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா பின்னால் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஓடினேன்.

"அம்மா, அப்பாவுக்குப் புத்தி வந்துருச்சு. செருப்பு போட்டுக்கிட்டுப் போறாரு."

அம்மா ஊதுகுழலைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

"எந்தப் பக்கம்டி போனாரு?"

நான் சிரித்துக்கொண்டே மேல் லயத்துப் பக்கம் கையைக் காட்டினேன்.