மலை ஏறாத மலையேற்றக் குழு

இரண்டு வருடங்களுக்கு முன், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராமநகரம் பக்கத்து மலை ஒன்றின் உச்சியில் இது தொடங்கியது. பெங்களூரு மர்பி டவுனிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு கிளம்பும் மலையேற்றக் குழுவுக்கு நான் செயலாளர். செயலாளர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வேனுக்குச் சொல்வது, வராதவர்களுக்குப் போன் போடுவது, வந்தவர்களில் யாரும் மலையிலேயே தங்கிவிடவில்லை என்று உறுதி செய்துகொள்வது.

குழுவைத் தொடங்கியவர் எங்கள் தலைவர். கோலார் தங்க வயலில் பிறந்து, இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "எங்கப்பா காலம் பூரா பூமிக்குள்ள எறங்குனாரு. நானாவது மேல ஏறிப் பாக்கிறேன்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் மாதத்தில் அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களைக் கழிக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

அந்த வருடம் ஆள் குறையத் தொடங்கியது. வேனின் பின்சீட்டுகளில் பைகள் மட்டும் சௌகரியமாக உட்கார்ந்து வந்தன. தீபாவளிக்குள் வேன் நிரம்பாவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவதாகத் தலைவர் என்னிடம் மட்டும் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கலைப்பதற்கு முன் உறுப்பினர்களிடமே கருத்துக் கேட்டுப் பார்க்கலாமே என்றேன்.

கேட்டோம். உச்சியில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, தலைவரின் மனைவி விடியுமுன் எழுந்து செய்து, தானே சுமந்தும் வந்த புளியோதரையைச் சாப்பிட்டு முடித்ததும் கேட்டோம்.

"சூப்பர் தலைவரே."

"ஒரு கொறையும் இல்ல, அப்படியே போகட்டும்."

ஏறும் வழியில் வாந்தி எடுத்து, இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்து சேர்த்தவர்கூட, "செம்ம ட்ரிப்ணா" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அடுத்த மாதம் அவரும் வரமாட்டார் என்பது அவர் கண்ணில் தெரிந்தது.

திரும்பும் வழியில் எனக்குக் காரணம் புரிந்தது. ஒருவர் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு, கை ஈரம் காயுமுன் அவரிடமே குறை சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. கல்யாண வீட்டில் சாம்பார் எப்படி இருந்தாலும் வாசலில் நிற்பவரிடம் பிரமாதம் என்போம். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் உண்மை வெளியே வரும். ஆகவே அடுத்த முறை சாப்பாட்டுக்கு முன் கேட்பது என்று முடிவு செய்தேன். இந்த யோசனையில் எனக்கு ரொம்பப் பெருமை.

அடுத்த மாதம் பாதி மலையில் ஒரு பாறையில் நிறுத்தினோம். எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. சாப்பாட்டுப் பை தலைவரின் மடியில், கட்டு அவிழ்க்காமல் இருந்தது.

"மொதல்ல ஊட்டா குடுங்க தலைவரே, பேச்செல்லாம் அப்புறம்."

"குடுக்கிறேன்பா. இன்னா கொறைன்னு சொல்லு, குடுக்கிறேன்."

மடை திறந்தது.

"அஞ்சு மணிக்கு வேன்னா எவன் எழுந்திருப்பான்? ஞாயித்துக்கெழமையாவது மனுசன் தூங்க வேணாமா?"

"ஏறுறதுக்கு முன்னாடி பாறை எப்படி உண்டாச்சுன்னு சொல்றீங்களே, அதைக் கொஞ்சம் நிறுத்துங்க. பாறைக்கே போரடிக்குது."

"அண்ணி, கோச்சுக்காதீங்க. ஆனா இன்னும் எத்தினி மாசத்துக்கு இந்தப் புளியோதரை?"

எல்லோரும் தலைவரின் மனைவியைப் பார்த்தார்கள். அவர் தண்ணீர் பாட்டிலை மூடிவிட்டு, "நான் எதுக்குக் கோச்சுக்கறேன்? இதைத்தான் நானும் இவருகிட்ட வருசக்கணக்கா சொல்லிக்கினு இருக்கேன். ஞாயித்துக்கெழமை எனக்கும்தான்" என்றார். அன்று அதிகம் கைதட்டல் வாங்கிய கருத்து அதுதான்.

தலைவர் அசரவில்லை. "எல்லாத்தையும் மாத்திடலாம்" என்றார். மாற்றினோம்.

வேன் ஏழு மணிக்குக் கிளம்பியது. அதுவும் சீக்கிரம் என்றார்கள், எட்டானது. பாறையின் வரலாறு நின்றது. புளியோதரைக்குப் பதில் பிரியாணி வந்தது. பிரியாணி தேக்சாவை உச்சிக்குத் தூக்கிப் போக முடியாது என்பதால் அடிவாரத்தில் சாப்பிட்டுவிட்டு ஏறுவது என்று வைத்தோம். சாப்பிட்ட பிறகு யாராலும் எழுந்திருக்க முடியவில்லை. சரி, பாதி வரை போவோம் என்றோம். வெயிலாக இருக்கிறது என்றார்கள். நிழலுக்காக ஒரு புளியந்தோப்பைப் பேசிப் பிடித்தோம். தோப்பில் சும்மா உட்கார்ந்திருந்தால் பொழுது போகவில்லை என்று ஸ்பீக்கர் வந்தது. ஸ்பீக்கர் வந்ததும் ஹவுசி வந்தது. ஒருவர் எண்களைக் கூப்பிட, மற்றவர்கள் சீட்டில் அடித்துக்கொண்டே வரும் ஆட்டம். எங்கள் கன்டோன்மென்ட் பக்கத்து ஆட்களை ஹவுசி சீட்டோடு உட்காரவைத்துவிட்டால் பூகம்பம் வந்தாலும் எழுப்ப முடியாது. பரிசாக மலையேறுகிறவர்களுக்கான ஊன்றுகோல் கொடுத்தோம். ஜெயித்தவர் அதை வைத்துத் தோப்பில் புளியங்காய் அடித்தார்.

தீபாவளிக்கு முன்பே வேன் போதாமல் பஸ் பிடித்தோம். சீட்டுகள் நிரம்பியதைப் பார்த்த தலைவர் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. உறுப்பினர் கருத்தைக் கேட்டால் ஒரு அமைப்பு எப்படி வளரும் என்பதற்கு எங்களையே உதாரணமாக நான் அலுவலகத்தில் சொல்லத் தொடங்கியிருந்தேன். எல்லா குரூப் போட்டோவிலும் எங்களுக்குப் பின்னால் ஒரு மலை நின்றது.

பொங்கல் கழிந்த ஞாயிறு. தொட்டபள்ளாபுரம் பக்கம் ஒரு தோப்பு. பிரியாணி முடிந்து ஹவுசி சூடாக நடந்துகொண்டிருந்தது. தலைவர்தான் எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, "அங்கிள், இந்த மலை மேலல்லாம் யாராவது ஏறுவாங்களா?" என்று கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஏறுவாங்கம்மா, வேலை வெட்டி இல்லாதவங்க" என்றார் பக்கத்தில் இருந்தவர். தோப்பே சிரித்தது.

தலைவர் சிரிக்கவில்லை. கையில் இருந்த எண் வில்லையைப் பார்த்தார். அதைக் கூப்பிடாமலே கீழே வைத்தார். பிறகு தோப்பை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "செக்ரட்டரி, டீச்சர் எங்கப்பா?" என்றார்.

டீச்சர் என்பவர் ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்து வருகிற ஆரம்பப் பள்ளி ஆசிரியை. சனிக்கிழமை மாலையே சர்ச்சில் பூசையை முடித்துவிட்டு, ஞாயிறு விடியலில் எல்லோருக்கும் முன்னால் வேனருகே வந்து நிற்பவர். வாரம் முழுக்கப் பிள்ளைகளிடம் கத்துவதால் மலையில் வாயே திறக்கமாட்டார். எப்போதும் முன்னால் ஏறிப் போகிற நாலு பேரில் அவரும் ஒருவர். யோசித்துப் பார்த்தேன். அந்த நாலு பேரும் வராமல் சில மாதங்கள் ஆகியிருந்தன. பஸ் நிரம்பியிருந்ததால் நான் கவனிக்கவே இல்லை.

உடனே போன் போட்டேன். எல்லோரும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தேன். அந்தப் பக்கம் ஒரே காற்று.

"டீச்சர், எங்க இருக்கீங்க?"

"மேல சார்."

"மேலன்னா?"

"உங்க தலைக்கு மேல. எந்த மலைன்னு மாசா மாசம் க்ரூப்ல போடறீங்கல்ல? நாங்க நாலு பேரும் காலையில பஸ் புடிச்சு வந்து ஏறிக்கிறோம். கீழ ஸ்பீக்கர் நல்லாவே கேக்குது சார். ஃபுல் ஹவுஸ் யாருக்கு அடிச்சுது?"

அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தோம். உச்சிப் பாறை விளிம்பில் எறும்பளவுக்கு நாலு உருவங்கள். ஒன்று துப்பட்டாவை ஆட்டியது.

தலைவர் போனை என்னிடமிருந்து வாங்கினார். "ஏன் டீச்சர், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"கொறை இன்னான்னுதானேண்ணா கேட்டீங்க? எனக்கு ஒரு கொறையும் இல்லியே. அஞ்சு மணி வேன் எனக்குப் புடிச்சிருந்துச்சு. அப்புறம் பார்த்தா எல்லாரும் ஜாலியா இருக்காங்க. அதைப் போயி ஏன் கெடுக்கணும்?"

தலைவர் உச்சியை இன்னொரு முறை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "எறங்கிடாதீங்க, வரேன்" என்று சொல்லி போனை வைத்தார்.

"பிரியாணி தின்னுட்டு இந்த வெயில்ல எங்க போறீங்க?" என்று மனைவி கத்தினார். ஏற வேண்டியதில்லை என்பதால் தலைவர் அன்று வந்திருந்ததே ரப்பர் செருப்பில். காதில் வாங்காமல் நடந்தார். யாரும் மலையிலேயே தங்கிவிடாமல் பார்ப்பது என் வேலை, நானும் போனேன். ஏப்பமும் மூச்சும் முறை வைத்து வந்தன. பாதிக்கு மேல் போனதும் தலைவரின் செருப்பு அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறினார். சுடுகிற பாறையில் அவர் வைத்த அடிகளைப் பார்த்தால் யாரும் சிரித்திருப்பார்கள். நானும் சிரித்தேன், என்னைப் பார்த்து அவரும் சிரித்தார்.

உச்சியில் டீச்சர் நகர்ந்து இடம் விட்டார். தலைவர் உட்கார்ந்து வெகுநேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பஸ் தீப்பெட்டி மாதிரி தெரிந்தது. ஹவுசி இன்னும் நடந்துகொண்டிருந்தது.

இப்போது மலை ஏறுகிறவர்களுக்கு விடியலில் வேன், மற்றவர்களுக்கு எட்டு மணிக்கு பஸ். இரண்டும் மதியம் ஒரே மரத்தடியில் சேர்ந்துகொள்கின்றன. சில மாதங்களில் பஸ்ஸிலிருந்து ஒன்றிரண்டு பேர் வேனுக்கு மாறுவதும் உண்டு. கருத்துக் கேட்பதை நாங்கள் நிறுத்தவில்லை. எதை மாற்ற வேண்டும் என்று கேட்டுவிட்டு, எதில் கை வைக்கவே கூடாது என்றும் கேட்கிறோம். முதல் கேள்விக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். இரண்டாவதற்கு ஓர் அமைதி விழுகிறது. வீட்டிலும் அலுவலகத்திலும்கூட, அந்த அமைதி முடிந்து, இதுவரை பேசாத ஒருவர் தொண்டையைச் செருமும் வரை காத்திருக்க நான் பழகிவிட்டேன்.